இரண்டாம் நம்பரில் தொடங்கும் லைன்

உப்பளத்து லைனில் ஏழு வீடுகள் எழுந்து, ஒரு வீட்டுத் தூரம் மேற்கே நகர்ந்து, மறுபடி உட்கார்ந்தன. அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டுக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில். அந்த நேரத்தில் லைனில் கபிரியேலைத் தவிர ஆள் இல்லை. ஐந்தாம் வீட்டுத் தொம்மையின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று எல்லோரும் வேன் பிடித்து மணப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கபிரியேல் மட்டும் தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டான், ஏனென்றால் அவன் செய்யப்போகிற காரியத்துக்கு ஆள் இல்லாத ஒரு பகலும், காற்று இல்லாத ஒரு வானமும், நின்று போகாத கரண்டும் வேண்டியிருந்தன, இந்த மூன்றும் சேர்ந்து வருகிற நாள் அந்த ஊரில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில், கண் போகிற தூரமெல்லாம் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிற அந்த வெளியில், நிழல் என்று சொல்ல அந்த ஒரு வரிசை வீடுகள்தான் உண்டு. எல்லாம் தெற்கு பார்த்த வாசல். மேற்குக் கோடியில் ஆரம்பித்தால் ஒன்று, கிழக்கே பஸ் நிற்கிற மேட்டில் போய் முடித்தால் எட்டு என்று, கதவு நிலைகளில் நீலப் பெயின்ட்டில் நம்பர் எழுதியிருக்கும். ஒன்றாம் நம்பர் ஞானப்பூ வீடு. ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இரண்டாம் நம்பர் கபிரியேல் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழச் சந்து. காற்றடிக்கும்போது அந்தப் பூட்டு கதவில் டொக் டொக்கென்று தட்டும், தன் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு கபிரியேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்குவான், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்திருப்பான், யாரோ பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும்.

ஞானப்பூ பன்னிரண்டாவது படித்த வருஷம் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அவளுக்கு வந்தது. கபிரியேல் பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போய்விட்டதால் அவனுக்கு இல்லை. அந்த லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாகத்தில் விண்டோஸும் இன்னொரு பாகத்தில் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள், பொத்தானை அமுக்கினால் எந்த வழியாக உள்ளே வருகிறாய் என்று கேட்கும். அவள் வகுப்பில் பாதிப் பேர் லினக்ஸை அழித்துவிட்டு முழுசையும் விண்டோஸுக்கே கொடுத்துவிட்டார்கள். ஞானப்பூ கொடுக்கவில்லை.

“இது என் பக்கம், அது ஒன் பக்கம்” என்றாள், முதலில் விண்டோஸையும் பிறகு லினக்ஸையும் காட்டி. “நீ என் பக்கம் வரப்படாது. நானும் ஒன் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்.”

“ஒன் பக்கத்துல அப்பிடி என்ன வச்சிருக்கப் போற?”

“ஒண்ணுமே வைக்கலன்னாலும் வரப்படாது.”

அப்படித்தான் ஒரே பெட்டிக்குள் இரண்டு பேரும் நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். சாயங்காலம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு, முதலில் ஐ.டி.ஐ. விட்டும் பிறகு ஒர்க்ஷாப் வேலை விட்டும், முந்தி வருகிறவன் கபிரியேல். பஸ் உள்ளே நுழைந்து திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி ஞானப்பூவுக்கு இடம் பிடித்து வைப்பான், எப்போதும் ஜன்னல் ஓரம். யாராவது வந்து “இங்க ஆள் இருக்கா?” என்று கேட்டால் “ஆள் வருது” என்பான். அவள் காலேஜ் விட்டு மூச்சு வாங்க வந்து, துண்டை எடுத்து நாலாக மடித்து அவன் மடியில் வைத்துவிட்டு உட்காருவாள். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. பேசியிருக்கலாம். நாலு வருஷத்து பஸ்.

அவள் அப்பா இறந்த பிறகு அம்மாவும் மகளும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். போகிற அன்று வீட்டுச் சாவியையும் லேப்டாப்பையும் கபிரியேல் கையில் கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் சொல்லுவது போலவே, “எடம் போட்டு வையி கபிரி, வந்துருதேன்” என்றாள். இரண்டு வருஷம் போனில் பேசினாள். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வேறொரு பெண் சொல்ல ஆரம்பித்தாள், அவள் மட்டும் எப்போது கூப்பிட்டாலும் எடுத்தாள்.

கபிரியேல் உப்பளக் கம்பெனியில் டிகிரி பார்க்கிற வேலையில் இருந்தான். பாத்திப் பாத்தியாக இறங்கி, தண்ணீரில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது, எப்போது உப்பு இறங்கும் என்று சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் வரப்பு முனையில் ஒரு கம்பத்தை நட்டு அதில் ஒரு கேமராவையும் வைத்து, அதன் வயரை அவன் வீட்டுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு படம். பாத்தியும், வரப்பும், வரப்பு போய் முடிகிற பஸ் மேடும் அதில் விழும். ஆறு வருஷத்துப் படங்கள், முப்பது லட்சத்துக்கு மேல், அவனுடைய லினக்ஸ் பக்கத்தில் வந்து குவிந்திருந்தன. மூன்று வருஷத்துப் படம் கையில் இருந்தால் போதும், பழசை நீ அழித்துக்கொள் என்றுதான் சூப்பர்வைசர் பால்துரை சொல்லியிருந்தார். கபிரியேல் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் பாத்திக்குள் குனிந்து நின்ற ஏதோ ஒரு நேரத்தில் ஞானப்பூ வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, வீடு பூட்டியிருப்பதையும் அவன் வீடும் பூட்டியிருப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால்? அந்த நிமிஷம் படத்தில் இருக்குமே. இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஒரு நாளை எடுத்துப் பார்ப்பான். காலையிலிருந்து மாலை வரை வரப்பைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். பார்த்து முடித்த நாட்களையாவது அழித்திருக்கலாம்தான், ஆனால் விரல் ஓடுகிற வேகத்தில் ஒரு தடவை கண் சிமிட்டினால் நாலு நிமிஷம் போய்விடும், அந்த நாலு நிமிஷத்தில் அவள் வந்திருந்தால் என்ன செய்வது? நாலு வருஷத்துக்கு முந்தின வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இன்றைய வரப்பைப் பார்க்க அவனுக்கு நேரமே இருந்ததில்லை.

கடைசியில் அவன் பக்கம் நிறையப்போகிற நாள் வந்துவிட்டது, இன்னும் ஒரு மாதத்துப் படத்துக்குத்தான் இடம். இடம் போதாது என்று லேப்டாப் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த பக்கத்திலோ, ஆறு வருஷமாக யாரும் காலெடுத்து வைக்காமல், அவன் பக்கம் எவ்வளவோ அவ்வளவு இடம் சும்மா கிடந்தது.

உள்ளே அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று லினக்ஸ் வழியாக எட்டிப் பார்க்க முடியும். அவன் பார்க்கவில்லை, சொன்ன சொல். காப்பி எடுத்து வைப்பதற்கு வேறு டிஸ்க் இல்லை, இருந்திருந்தாலும் எடுப்பதென்றால் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் அவள் வந்திருக்கக்கூடிய முப்பது லட்சம் நிமிஷங்கள், இன்னொரு பக்கம் அவள் விட்டுப்போன இடம். இரண்டில் ஒன்று. ஒரு மாதம் யோசித்தான். பிறகு, ஆள் இல்லாத இடம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வேலை நினைத்த அளவுக்கு லேசானதில்லை. காலி இடம் வலது பக்கத்தில் இருந்தால் அப்படியே கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். அவளுடையதோ இடது பக்கம். அவளுடையதை அழித்த பிறகு, அவன் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் தூக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, இடது பக்கமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். அந்த லேப்டாப்பின் பேட்டரி உப்பிப்போய் அதைக் கழற்றி வீசி மூன்று வருஷம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பென் டிரைவைச் செருகி, அதன் வழியாக மிஷினை எழுப்பி, டிஸ்க்கைத் திறந்தான். திரையில் ஒரு நீளப் பட்டை. இடது கோடியில் அவள், அடுத்து அவன். முதலில் நகர்த்துவோம், நகர்ந்து முடிந்த பிறகு வலது பக்கம் மிச்சமாகிற இடத்துக்கு விரிப்போம், ஒரே மூச்சில் இரண்டையும் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தான்.

அழிக்கவா என்று கேட்டது. அழி என்றான்.

அது அழிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடிகூட இல்லை. நகர்த்தத்தான் ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று சதவீதத்தில் பானைத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எட்டு சதவீதத்தில், நிற்கிற பஸ் கிளம்பும்போது வயிற்றில் ஒரு அசைவு தெரியுமே, அது தெரிந்தது. அவன் வீடு மெதுவாக, தரையோடு தரையாக, மேற்கே போனது. அது நின்றதும் கிழக்கே மூன்றாம் வீடு கிளம்புகிற சத்தம், பிறகு நாலாம் வீடு, பிறகு ஐந்தாவது என்று, மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து கொஞ்சம் தள்ளுங்க என்றால் முணுமுணுப்பு இல்லாமல் ஒவ்வொருவராக இடுப்பை நகர்த்துவது போல, ஏழு வீடும் நகர்ந்தன. கபிரியேல் எழுந்திருக்கவில்லை. பிளக் கழன்றுவிடாமல் சுவரோடு சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நூறு ஆனதும் கதவைத் திறந்தான். ஞானப்பூ வாசலில் நிற்கிற கொடுக்காப்புளி மரம் அவன் வாசலில் நின்றது. ஞானப்பூ வீடு எங்கும் இல்லை. சாவி மட்டும் அவன் வீட்டு ஆணியில் தொங்கியது.

வேன் ஐந்து மணிக்கு வந்தது. இறங்கியவர்கள் கையில் பூந்திப் பொட்டலத்தோடு அவரவர் வாசலைத் தேடினார்கள்.

“ஏல, என் வீட்டு வாசல்ல யார் வீட்டு முருங்க மரம் நிக்கி?” என்றார் ஐந்தாம் நம்பர் தொம்மை.

“அது என் மரம்” என்றாள் நாலாம் நம்பர் கித்தேரியக்கா. “ஒம்ம வீடுதான் என் மரத்துக்குப் பின்னால வந்து நிக்கி. கொஞ்சம் பின்னால போவச் சொல்லும்.”

“வீட்ட எப்பிடிட்டீ போவச் சொல்ல?”

“வரத் தெரிஞ்சுதுல்லா?”

எப்படி நடந்தது என்று பத்து நிமிஷம் பேசினார்கள். பூமிதான் நகர்ந்திருக்கும் என்று ஒருவர், கடல் இழுத்திருக்கும் என்று ஒருவர். அதற்குள் நிச்சயதார்த்தச் சேலையை மாற்ற வேண்டும், ராத்திரிக்கு ரசம் வைக்க வேண்டும் என்று பெண்கள் உள்ளே போய்விட்டார்கள், அடுப்பும் அஞ்சறைப்பெட்டியும் வைத்த இடத்தில் இருந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. நகர்ந்தவை வீடுகள் மட்டும்தான். மரம், தெருக்குழாய், விளக்குக் கம்பம், காலையில் போட்ட கோலம் எல்லாம் போட்ட இடத்திலேயே இருந்தன. அதனால் ஒரு வாரம் லைன் முழுக்க எது யாருக்கு என்பதே பேச்சு. முருங்கைக்காய் யாருக்கு என்று கித்தேரியக்காவும் தொம்மையும் மூன்று நாள் சண்டை போட்டு, காய் அவருக்கு, கீரை அவளுக்கு என்று முடித்துக்கொண்டார்கள். எவ்வளவு தூரம் குடம் சுமக்கிறது என்று வருஷக்கணக்காகப் புலம்பிய கித்தேரியக்காவுக்குத் தெருக்குழாயே வாசலில் வந்து நின்றது, இப்போது விடிந்தால் வாசலில் சண்டை, சகதி என்று புலம்பினாள். ஆறாம் வீட்டு நாய் வீட்டை விட்டுவிட்டு இடத்தையே காத்தது, அதனால் அது ஏழாம் வீட்டு நாயாகிவிட்டது, பழைய எஜமானைப் பார்த்தால் மரியாதைக்கு ஒரு தடவை வாலை ஆட்டும். லைன்மேன் வந்து, நீண்டு தொங்குகிற வயரையெல்லாம் அண்ணாந்து பார்த்து, “மீட்டர் ஓடுதுல்லா? பொறவு என்ன?” என்று கேட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து ஏழு வீட்டுக்கும் தீர்த்தம் தெளித்து, “கோயில் நகரலல்லா?” என்று மட்டும் ஒரு தடவை விசாரித்துக்கொண்டார். தபால்காரர்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். நீல நம்பர்கள் நிலையோடு வந்துவிட்டதால் லைன் இப்போது இரண்டில் ஆரம்பித்தது. லேப்டாப்பிலும் அப்படித்தான், முதல் பாகம் போன பிறகும் அவன் பக்கத்தின் பெயர் இரண்டு என்றே இருந்தது.

கிழக்குக் கோடியில், எட்டாம் நம்பர் பெர்னத்து வீடு நின்ற இடத்தில், பஸ் மேட்டை ஒட்டி, ஒரு வீட்டு அளவுக்கு வெறும் மணல் கிடந்தது. ஒரு செருப்பு, ஒரு கோழி இறகுகூட இல்லாமல், வாரி எடுத்த பாத்தி மாதிரி வெள்ளையாக.

எல்லோருக்கும் எல்லாம் பழகிவிட்டது. கபிரியேலுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவன் வீட்டுக்கு மேற்கே இப்போது ஒன்றுமில்லை, காற்று மட்டும்தான். பூட்டுத் தட்டுகிற சத்தம் போய்விட்டது. அந்தச் சத்தத்தை அவன் ஆறு வருஷம் கேட்டிருக்கிறான், ஆனால் அது எவ்வளவு துணையாக இருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. விரிக்கிற வேலையை அவன் செய்யவில்லை. பட்டையின் வலது கோடியில் சாம்பல் நிறமாக அந்த இடம் கிடந்தது, யாருக்கும் ஒதுக்காதது என்று அதன் மேல் எழுதியிருந்தது. படம் பதிவாகவில்லை. பால்துரை போன் செய்தால் வயரில் உப்பு ஏறிவிட்டது சார் என்றான்.

நாலாவது நாள் கித்தேரியக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஏல கபிரி, ஞானப்பூ வீடு எங்க?”

அவன் சொன்னான். முழுசும் சொன்னான், டிஸ்க், பக்கம், படம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை அடைக்கவில்லை.

“அந்தப் பிள்ள வந்தா எங்கல எறங்கும்?” என்றாள்.

“அதாங்கா தெரியல.”

“எடம் போட்டு வைன்னு சொல்லிட்டுல்லா போச்சு. நீ என்ன போட்டு வச்சிருக்க?”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாலு எட்டுப் போனவள் திரும்பி, “கெழக்க அவ்வளவு எடம் சும்மாத்தான கெடக்கு” என்றாள். “பஸ்ஸுக்கும் பக்கம்.”

அன்று மத்தியானம் பாத்தியிலிருந்து வந்ததும் கபிரியேல் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய துண்டை எடுத்தான், நீலக் கரை போட்டது, அந்த நாலு வருஷமும் பஸ்ஸில் வீசியது. வெறும் மணலில், கிழக்கு ஓரமாக, ஜன்னல் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே அதை விரித்து, பறக்காமல் நாலு மூலையிலும் உப்புக்கட்டி வைத்துவிட்டு வந்தான்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துண்டு போட்டிருந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கிரிக்கெட் விளையாட வந்த பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடினார்கள். இடம் கிடைத்ததென்று வந்த ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் படுத்தது. உப்புக் காற்றில் துண்டு ஒரு வாரத்தில் விறைத்துப்போய், உப்பு வாருகிற பலகை மாதிரி கிடந்தது.

பத்தாம் நாள் அதன் பக்கத்தில் இன்னொரு துண்டு கிடந்தது. கித்தேரியக்காவுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் டீசல் வாங்கிவருகிறேன் என்று கேனோடு போன அவள் புருஷனுக்கு. “வந்தா கொன்னுருவேன்” என்று சொல்லிக்கொண்டேதான் விரித்தாள். “ஆனா உக்கார எடம் இல்லன்னு சொல்லிரப்படாதுல்லா.” அடுத்து தொம்மை, குஜராத் உப்பளத்துக்கு மேஸ்திரியாகப் போய், முதல் வருஷம் ஒரு போட்டோ அனுப்பி, அதோடு நின்றுபோன மகனுக்கு. அவர் ஒரு துண்டு போட்டார், யோசித்து, கல்யாணம் முடித்திருப்பான் என்று இன்னொன்றும் போட்டார். பெர்னத்து மனைவி சலேத்து வந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணியை விரித்து, ஒரே ஒரு உப்புக்கல்லை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். அது எந்தக் குழந்தைக்கு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த ஓரத்தில் பிள்ளைகள்கூடக் காலை அழுத்தி வைக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அங்கே மணல் தெரியவில்லை.

மாதக் கடைசியில் பால்துரை வந்தார். கூட இரண்டு ஆட்கள், கையில் டேப்.

“பட்டாவுல எட்டு வீடு. நிக்கிறது ஏழு” என்றார். “எட்டாவது எடம் காலி. கம்பெனி பம்ப் ஷெட் போடப் போவுது.”

“காலின்னு யார் சொன்னா?” என்றாள் கித்தேரியக்கா.

“கண்ணு தெரியுதுல்லா எனக்கு.”

“துண்டு தெரியலையா?”

“துண்டு போட்டா எடம் ஒங்களுதாயிருமா?”

“எங்களுது இல்ல சார். வாரவுகளுது. நீங்க பஸ்ல போனதே இல்லையா?”

பால்துரைக்குக் கோபம் வந்தது. டேப்பின் முனையை ஊன்றுவதற்கு ஒரு மூலையைத் தேடினார். எங்கே கால் வைத்தாலும் யாருடைய மடியிலாவது விழும் போலிருந்தது. ஒரு காலைத் தூக்கியவர், மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு, தூக்கின காலைத் தூக்கின இடத்திலேயே வைத்தார்.

“இம்புட்டுக்குமா ஆள் வருது?” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

“வருது சார்” என்றார்கள் நாலைந்து பேர்.

டேப்பைச் சுருட்டச் சொன்னார். போகும்போது கபிரியேலைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு மாசமா படம் இல்ல. வயர்ல உப்பு, வயர்ல உப்புன்னு எத்தன நாள் சொல்லுவ? இன்னைக்கு சாயங்காலம் படம் வந்தாகணும். இல்லன்னா கேமராவையும் கழத்திருவேன், ஒன் வேலைக்கும் வேற ஆளப் பாப்பேன்” என்றார்.

அவர் ஜீப் வரப்பில் சின்னதாகிப்போன பிறகும் தொம்மை நின்றுகொண்டிருந்தார்.

“கித்தேரி சொன்னா” என்றார். “அந்த எடத்தை நீ ஒன் மிஷின்ல சேத்துக்கிட்டா என்ன ஆவும் மாப்ள?”

“வீடெல்லாம் அகலும்னு நெனைக்கேன் மாமா. அந்த எடத்த எல்லா வீடும் பங்கு போட்டுக்கிடும்.”

“என் வீடு எவ்வளவு அகலும்?”

“ரெண்டு முழம் இருக்கும்.”

தொம்மைக்கு மூன்று பெண்கள். அடுப்படியில் ஒருத்தி நீட்டிப் படுத்தால் இன்னொருத்தி சுருண்டு படுக்க வேண்டும். இரண்டு முழம் என்பது ஒருத்தி புரண்டு படுக்கிற இடம். தன் வீட்டை ஒரு தடவை பார்த்தார், கிழக்கே தான் போட்ட இரண்டு துண்டையும் ஒரு தடவை பார்த்தார்.

“வேண்டாம்” என்றார். “நாங்க இடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிடுவோம்.”

கபிரியேல் வீட்டுக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அது முதலிலேயே செய்திருக்கக்கூடியது. அதைச் செய்திருந்தால் கொடுக்காப்புளி மரம் அவள் வாசலில் நின்றிருக்கும், காற்றடித்தால் பூட்டுத் தட்டியிருக்கும், அவன் செய்யவில்லை. முதல் மூன்று வருஷத்துப் படங்களையும் தேர்ந்தெடுத்தான். பார்த்து முடித்த இரண்டு வருஷம், பார்க்காத ஒரு வருஷம். பதினைந்து லட்சத்துச் சொச்சம் நிமிஷங்கள், ஒவ்வொன்றிலும் வரப்பு, ஒவ்வொன்றின் முனையிலும் பஸ் மேடு. அந்தப் பார்க்காத வருஷத்தில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ ஒரு நாலு மணி ஏழு நிமிஷத்தில், ஒரு பெண் பையோடு இறங்கி நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அந்த நிமிஷம் போனது போனதுதான். இனி வருகிற நிமிஷத்துக்குத்தான் இடம் வேண்டும்.

அழிக்கவா என்று கேட்டது. இந்தத் தடவை அவன் எழுந்து போய், ஆணியில் தொங்குகிற சாவியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தான். பிறகு அழி என்றான்.

வீடு அசையவில்லை. பானைத் தண்ணீர் சாயவில்லை. வலது கோடியில் அந்தச் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் படம் வந்து விழுந்தது: பாத்தி, வரப்பு, அதன் முனையில் பஸ் மேட்டை ஒட்டி வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாக ஒரு கூட்டம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பது போல.

இன்றைய வரப்பை அவன் பார்த்தது அன்றுதான். திரையை மூடிவிட்டு அங்கேயே நடந்து போனான்.

நீலக் கரைத் துண்டு கிழிய ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் வேறு துண்டு கொண்டுவர வேண்டும். அதன் மேல் உட்காராமல், அதற்கு மேற்கே, ஒரு சீட்டின் உள் பக்கத்தில் உட்காருவது போல, முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்தான். கிழக்கே ஜன்னல் ஓரத்தில் காற்று நன்றாக வந்தது. ஐந்தேகால் பஸ் மேட்டில் வந்து நின்று, கதவு திறந்து, கொஞ்ச நேரம் நின்றது. யாரும் இறங்கவில்லை. லைனில் எல்லோரும் சோறு பொங்கப் போய்விட்டார்கள்.

கண்டக்டர் புதுசு. படியில் தொங்கிக்கொண்டு இந்தத் துண்டுகளையெல்லாம் பார்த்தான், நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளையும் பார்த்தான்.

“அண்ணே, ஒங்க பக்கத்துல யாரு?” என்று சிரித்துக்கொண்டே கத்தினான்.

கபிரியேல் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்ந்தான்.

“ஆள் வருது” என்றான்.